முதலில் பென்சில், பிறகுதான் பேனை

ஃபோம் நிரப்பிக் கொடுக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: அடுத்தவருடைய எதிர்காலத்தைப் பற்றி நாள் முழுக்கக் கவலைப்படலாம், நம்முடையதை நினைக்க நேரமே கிடைக்காது.

எனக்குச் சம்பளம் தருகிற வேலை கல்முனைக் கடற்கரையில், மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு வாடியில், இரவு வேலை. சுபஹு தொழுதுவிட்டு வெளியே வந்தால் தூக்கம் வராது. வீட்டில் கிடந்து முகட்டைப் பார்ப்பதற்குப் பதிலாகத் தபால் கந்தோருக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் குந்திவிடுவேன். படித்தது பத்தாம் வகுப்பு. இங்கிலீசைப் பிடித்தது முன்பக்கங்கள் கிழிந்த ஒரு பழைய அகராதியில். விண்ணப்பம் என்பதற்கான சொல்லே அந்தக் கிழிந்த பக்கங்களோடு போயிருந்தது. ஆனாலும் ஊரில் பாதிப் பேருடைய விண்ணப்பம் என் கையெழுத்தில்தான் போயிற்று. நீங்களும் ஃபோமின் கட்டம் கட்டமான வரிசைக் கூடுகளுக்குள் உங்கள் பெயரை அடைக்கப் பார்த்து, கடைசி எழுத்து வெளியே நிற்பதைக் கண்டவர்களாகத்தான் இருப்பீர்கள். அப்படியென்றால் நாம் ஒரே கூட்டம்.

எனக்கு ஒரு வழக்கம். எந்த ஃபோமையும் முதலில் பென்சிலால்தான் நிரப்புவேன். "கொண்டுபோய் ஒரு ராவு வெச்சிப் பாருங்க, மனசு மாறினா மாத்தலாம், காலையில பேனையால எழுதுவம்" என்று அனுப்பிவிடுவேன். இந்த வழக்கத்தால் எனக்கு அழிறப்பர் செலவு அதிகம்.

காரணம்: கடல்

எல்லாம் சுனாமியோடு தொடங்கியது. பிறப்புச் சாட்சிப் பத்திரம், ஐடென்டிகாட், பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று ஊரில் ஒருவரிடமும் ஒரு துண்டுக் காகிதம் மிஞ்சவில்லை. என்னிடம் முதலில் வந்தவர் ஐஸ் வாடியில் என்னோடு வேலை செய்கிற சலாம் காக்கா; மூத்தவர்களை நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்போம். அவருக்குக் கடற்கரை வீடும் போயிற்று, மனைவியும் போய்விட்டார். மிஞ்சியது ஒரே மகள் ஹஸ்னா. அப்போது பத்தாம் வகுப்பு. வாப்பாவுக்குப் பின்னால் நின்று, நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாச்சா, கம்பஸுக்குப் போறதுக்கும் இந்தப் பத்திரம் வேணுமா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். சீருடை கூட இரவல் வாங்கிப் போட்டிருந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழக யோசனை.

'தொலைந்த காரணம்' என்ற கூட்டில் 'கடல்' என்று எழுதிக் கொடுத்தேன். வேறு என்னத்தை எழுத? ஃபோமைக் கொண்டுபோன காக்கா மத்தியானம் அதே ஃபோமோடு திரும்பி வந்தார். கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம்.

"கடல் எண்டா காணாதாம் தம்பி, எந்தத் திகதி எண்டும் எழுதணுமாம். உலகத்துக்கே தெரிஞ்ச திகதி, அந்தக் கந்தோருக்கு மட்டும் தெரியாதாம்."

தகப்பனின் தொழில்

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை றிசல்ட் வந்து கம்பஸ் ஃபோம் நிரப்புகிற காலம் எங்களுக்கு அறுவடைக் காலம். ஒரு காலையில் மாவடிப்பள்ளியிலிருந்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். தகப்பனின் தொழில் என்ன என்று கேட்டேன். "தொழிலதிபர் எண்டு போடுங்க, கொஞ்சம் பெரிசா" என்றார். போட்டேன். நாலு கூடு தள்ளி, வருமானம் குறைந்த பிள்ளைகளுக்கு உதவிப் பணம் உண்டு என்று இருந்தது. அதை வாசித்துக் காட்டினேன்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தொழிலதிபர் என்பதை அழித்து வியாபாரி என்று போடச் சொன்னார். ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். வியாபாரியை அழித்து விவசாயி. கோப்பை முடியும்போது கூலி வேலைக்கு இறங்கியிருந்தார். மகன் வெட்கத்தில் வெளியே போய்ச் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கிவிட்டான். உள்ளதைத்தான் எழுதுவேன் என்று நான் பென்சிலைக் கீழே வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, என் பக்கம் சரிந்தார்.

"அப்ப ரெண்டு ஃபோமா நிரப்பித் தாங்க தம்பி. கம்பஸுக்குக் காட்ட ஒண்டு, மகன மாப்பிள்ளையாக் கேட்டு வாற ஆக்களுக்குக் காட்ட ஒண்டு."

என்ஜீஓ இங்கிலீசு

சுனாமிக்குப் பிறகு ஊரெல்லாம் நிவாரண நிறுவனங்கள், நிறுவனங்களுக்கெல்லாம் வெள்ளை வாகனங்கள். கம்பஸ் கிடைக்காத பிள்ளைகள் வாகனத்தில் ஏறிவிட வேண்டும் என்று துடித்தார்கள். அட்டாளைச்சேனைப் பொடியன் றிஸ்மிக்கு நான் சீவி என்கிற தன்விவரக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். கூடாரம் அடிக்கக் கயிறு பிடித்தவனை 'இடர் முகாமைத்துவ உதவியாளர்' என்று இங்கிலீசில் எழுதினேன். பொய் இல்லை, கயிறு பிடித்தது உண்மை. நேர்முகத்தில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்களாம். இவன் தன் மூத்த காக்காவின் கலியாணத்திலிருந்து தொடங்கியிருக்கிறான். வேலை கிடைத்துவிட்டது.

மூன்று வருசம் வாகனத்தின் முன்சீட்டில் போய் வந்தான். என்னைக் கண்டால் கண்ணாடியை இறக்கிக் கை காட்டுவான். பிறகு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகப் பலகையைக் கழற்றிக்கொண்டு போயின. ஒரு நாள் றிஸ்மி நடந்து வந்து என் முன்னால் அந்தச் சீவியை விரித்து வைத்தான்.

"காக்கா, இதில இங்கிலீசக் கொஞ்சம் குறைச்சித் தாங்க. இதப் பாத்துப் பயந்து ஒரு கடைக்காரனும் வேலைக்கு எடுக்கிறான் இல்ல."

முதலாவது இடம்

இதற்கிடையில் ஹஸ்னா ஏ.எல். எழுதி, நல்ல புள்ளிகளும் எடுத்துவிட்டாள். டொக்டருக்குக் காணாது, விவசாய பீடத்துக்குத் தாராளம். அந்தப் பீடம் மலைநாட்டுப் பக்கம் ஒரு கம்பஸில். அவளுக்கு அதுதான் வேண்டும். சலாம் காக்காவுக்கோ வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய பக்கத்துக் கம்பஸ் வேண்டும். ஃபோமில் விருப்ப வரிசை என்று ஒன்று உண்டு. முதலாவதாக எழுதியது கிடைத்துவிட்டால் இரண்டாவதைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பிள்ளையின் நாலு வருசம் ஒரு கூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நாட்டில் சண்டை முடியவில்லை. "றோட்டு நெடுக செக் பொயிண்ட், பஸ்ஸால எறக்கி நிப்பாட்டுவானுகள்" என்றார் காக்கா. "எல்லாப் புள்ளைகளும் போகுதுகள்தானே வாப்பா" என்றாள் ஹஸ்னா. உடனே காக்கா காரணத்தை மாற்றினார். சுனாமிக்குப் பிறகு உள்பக்கம் கட்டிக் கொடுத்த வீடு அவளுக்கென்று வைத்திருந்த வீடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார் என்பது உங்களுக்குத் தெரியும். காக்கா என் பென்சிலைத் தொட்டுக் காட்டினார்.

"வீட்டுக்காரி இல்லாத வீட்டுக்கு எந்த மாப்பிள்ளை தம்பி வருவான்? பக்கத்துக் கம்பஸ முதலாவதா போடுங்க."

பேனை

போட்டேன். மறுநாள் காலை, ஃபோம் அனுப்பக் கடைசி நாள், ஹஸ்னா தனியாக வந்தாள். ஃபோம் ஏற்கெனவே பேனையால் நிரப்பப்பட்டிருந்தது, அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில். மலைநாடு முதலாவது, பக்கத்துக் கம்பஸ் இரண்டாவது. என் பென்சிலைச் சுத்தமாக அழித்திருந்தாள். தடம் கூடத் தெரியவில்லை.

"வாப்பாக்குத் தெரியுமா மகள்?" என்று கேட்டேன். பதிவுத் தபாலில் போட்டுவிடச் சொல்லி உறையை என் பக்கம் தள்ளினாள். தபால் கந்தோர் பதினைந்து அடி தூரம். அவளே போடலாம். என் கை படவேண்டும் என்று நினைத்தாள் போல. இரவானால் அவள் வாப்பாவோடு ஒரே ஐஸ் கட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்க வேண்டியவன் நான். இழுத்தேன், மழுப்பினேன். அவள் விடவில்லை.

"பென்சில் உங்கட, பேனை என்ட. மனசு மாறினா மாத்தலாம் எண்டு சொன்னது நீங்கதானே, சாச்சா."

கடிதம்

உறையைத் தபாலில் போட்டது நான்தான். பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இன்றும் ஒருமாதிரி இருக்கிறது. ஐஸ் கட்டியால் கை மரத்துப்போவது பழகியதுதான். எனக்கு நாக்கும் மரத்திருந்தது. தேத்தண்ணி நேரத்தில் காக்கா வாடிப் படியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்துவார். சுனாமிக்குப் பிறகு எப்போதும் அப்படித்தான். காற்றுக்குத் திரும்பியிருக்கிறார் என்றே இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். அப்படிக் குந்திக்கொண்டு, ஹஸ்னா பக்கத்துக் கம்பஸுக்குப் போக எந்த பஸ் வசதி, குடை வாங்குவதா, சோத்துப் பெட்டி வாங்குவதா என்று கதைப்பார். நான் ஓம் ஓம் என்பேன். சண்டையும் முடிந்தது, செக் பொயிண்டுகளும் குறைந்தன.

ஒரு விடியற்காலை, வேலை முடிகிற நேரம், சட்டைப் பையிலிருந்து ஓர் இங்கிலீசுக் கடிதத்தை எடுத்து நீட்டினார். மகள் வாசித்துவிட்டு அழுகிறாளாம், ஒன்றும் சொல்கிறாள் இல்லையாம். வாசித்தேன். விவசாய பீடம், மலைநாடு. சொன்னேன். வரிசை மாறியது எனக்குத் தெரியும் என்றும், தபாலில் போட்டது நான்தான் என்றும் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி, தலைகீழாக இருந்ததைத் திருப்பி, மடித்தார். ஒரு லொறி வந்து பெட்டி ஏற்றிக்கொண்டு போனது.

"அங்க இருந்து கடல் எத்தினை கட்டை தூரம் தம்பி?" என்று கேட்டார். எந்தப் பக்கம் போனாலும் பஸ்ஸில் அரை நாளாவது ஆகும் என்றேன். "அரை நாள்..." என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்தார். எழும்பிச் சாரத்தை உதறிக் கட்டினார். என் முதுகில் ஒரு தட்டு விழுந்தது. கொஞ்சம் பலமான தட்டுத்தான்.

"கடல் வந்து சேர ஏலாத ஊர் எண்டு அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, நானே முதலாவதா போடச் சொல்லியிருப்பனே, விசரா!"

தகப்பனின் தொழில் முதல் தாயின் பிறந்த ஊர் வரை கூடு போட்டுக் கேட்கிற ஃபோமில் கடல் எவ்வளவு தூரம் என்ற இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இடம் இருக்கவில்லை, பென்சிலோடு பக்கத்தில் குந்தியிருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.