முறுக்கை மென்றது யார்?

கிள்ளான் நகரில் ஒரு தனியார் கல்லூரியின் உணவு, ஊட்டச்சத்து லேப்பில் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புது மாணவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதும் அப்போது என் வேலைதான். உணவு லேப்பில் ஒரு சிக்கல் உண்டு. மேசையில் இருப்பது பார்ப்பதற்குச் சாப்பாடு மாதிரியே இருக்கும்.

ஒரு வருடம், பயிற்சியின் முதல் ஸ்லைடிலேயே, "லேப்பில் சாப்பிட்டால் ஒரு வாரம் வகுப்பு கிடையாது" என்று போட்டு, கடுமையாக வாசித்தேன். பிறகு கொழுப்பு அளக்கும் முறையைக் காட்டினேன். இடித்த முறுக்கில் உள்ள எண்ணெயை ஹெக்சேன் என்ற சால்வென்ட் முழுவதுமாக இழுத்துவிடும். ஹெக்சேன் வாய்க்குள் போகக்கூடாத பொருள். எண்ணெய் எடுக்காத முறுக்கு ஒரு டப்பாவில், எடுத்தது இன்னொன்றில். மாணவர்கள் இரண்டிலிருந்தும் அள்ளி எடை போட்டார்கள். டப்பாக்களில் நான் லேபல் ஒட்டவில்லை. அவசரம். தப்பு என்னுடையதுதான்.

டீ பிரேக்கில் விரிவுரையாளர் டாக்டர் மேரி வந்தார்.

"அண்ணே, ஒரு ஸ்டூடண்ட் மேசையில இருந்த முறுக்குத்தூள அள்ளி வாயில போட்டுக்கிட்டே வெளிய போச்சு. முதுகுதான் தெரிஞ்சுச்சு. நீங்களா குடுத்தீங்க?"

எல்லாரையும் உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். காலையில் அப்படி மிரட்டியவனிடம் யார் சொல்வார்கள்?

"யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன்லா," என்றேன். "சாப்பிட்டவங்கள கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகணும், அவ்ளோதான்."

காப்பார் என்ற ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஷர்மிளா மெதுவாகக் கை தூக்கினாள். கண்ணில் நீர்.

"காலைல பசியாறல அங்கிள். ஒரு வாய்தான் போட்டேன்."

"எந்த டப்பா?"

"தெரியல அங்கிள். ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு."

"சாப்பிட்டப்ப எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கையெல்லாம் எண்ணெய். கோட்டுல தொடச்சிட்டேன்."

வெள்ளைக் கோட்டில் விரல் தடம் மஞ்சளாகத் தெரிந்தது. கையுறை போட்டு இரண்டு டப்பாவிலும் ஒரு சிட்டிகை எடுத்து டிஷ்யூவில் வைத்து அழுத்தினேன். ஒன்று காய்ந்த மணல் மாதிரி உதிர்ந்தது. மற்றது எண்ணெய்க் கறை விட்டது. அவள் தின்றது எண்ணெய் எடுக்காத முறுக்கு! டாக்டர் மேரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "கர்த்தாவே," என்றார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

இருந்தாலும் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். ஒன்றுமில்லை என்றார் கிளினிக் டாக்டர். திரும்பும் வழியில் ஷர்மிளா இரண்டு தோசை சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன்.

லேப்பில் சாப்பிடக்கூடாது என்ற விதியை நான் தளர்த்தவில்லை. டப்பா ஒவ்வொன்றுக்கும் லேபல் வந்தது. முதல் ஸ்லைடை மட்டும் மாற்றினேன்: "தப்பு நடந்தா உடனே சொல்லுங்க. திட்டு கிடையாது."

அடுத்த மாதம் ஒரு மாணவியின் மணிக்கட்டில் ஆசிட் தெறித்தது. நான் பார்ப்பதற்குள் அவளே குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு, லேப்பே அதிரக் கத்தினாள்: "அங்கிள், என் தப்புதான், சீக்கிரம் வாங்க!"

அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.