இரண்டு இடது இறக்கைகள்

பல்லக்கா என்றால்தான் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். பொய்ப்பல் செய்கிற லேபில் வேலை பார்த்ததால் வந்த பெயர் அது. "பல்லக்குன்னா நாலு பேர் தூக்கணும். இங்க நான் ஒருத்தனே தூக்கிட்டு அலையுறேன்" என்று கணவர் கேலி பேசுவார். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர்.

பல்லக்காவின் வேலை மேஜையில் தினமும் யாரோ ஒருவருடைய வாயின் மாவு அச்சு வந்து உட்கார்ந்திருக்கும். மேல் அச்சையும் கீழ் அச்சையும் கடிக்க வைத்துப் பார்த்து, இளஞ்சிவப்பு மெழுகில் பல் பல்லாக நட்டு, சுரண்டி, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவார். ஒரு பல் நூலளவு உயர்ந்துவிட்டாலும் அந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிட முடியாது. பத்து விரலும் சொன்னபடி கேட்டால்தான் அந்த வேலை நடக்கும்.

ஒரு மழைநாளில் லேப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் மாவுக்கட்டு அச்சு பார்த்தவ கையிலேயே மாவுக்கட்டு" என்று லேபில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கட்டைப் பிரித்த அன்றுதான் சிரிப்பு நின்றது. விரல்கள் மரக்கிளை மாதிரி நின்றன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட மறுத்தன.

"பொடிப் பொடி வேலையா ஏதாவது செஞ்சுட்டே இருங்க. சும்மா பந்தை அமுக்கிட்டு இருந்தா உங்களுக்கு அலுத்துப் போயிடும்" என்றார் கைப்பயிற்சி கொடுக்கும் பெண்.

கணவர் அன்று ஒரு வணிக வளாகத்தில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டு வரும் வழியில், பொம்மைக் கடை ஒன்றில் ஒரு பெட்டியை வாங்கி வந்தார். ஒட்டிச் செய்கிற மாதிரி விமானம். இரண்டு எஞ்சின், இறக்கை உடம்பின் தலைமேல் உட்காரும் வகை. துண்டுகளெல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காயாகத் தொங்கின. பெட்டியோடு வந்த படக்காகிதத்தை விரித்து, நான்கு மூலையிலும் கிண்ணம் வைத்து, கணவர் மேஜை எதிரே தயாராக உட்கார்ந்துகொண்டார். லிஃப்டில் ஒரு திருகாணி மாறினாலும் ஆள் உயிர் என்று பழகியவர். காகிதத்தில் இல்லாத எதையும் செய்யமாட்டார்.

பல்லக்கா இடுக்கியைப் பிடிக்கவே அரும்பாடுபட்டார். ஆனால் கண்ணுக்கு எந்தக் கட்டும் போடவில்லையே. இறக்கைகளைப் பார்த்ததும் சொல்லிவிட்டார்.

"என்னங்க, இது ரெண்டும் இடது."

"அதெப்படி? ஒண்ணு இடது, ஒண்ணு வலதுதான் போடுவாங்க."

"இடது கடைவாய்ப்பல்லும் வலது கடைவாய்ப்பல்லும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மாத்தி வெச்சா வாய் மூடாது. இது ரெண்டும் ஒரே பக்கம்."

கணவர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக ஒட்டிப் படுத்துக்கொண்டன. தயாரித்த இடத்தில் யாரோ தப்பாக நிரப்பியிருக்கிறார்கள்.

"நாளைக்கே கொண்டுபோய் மாத்திட்டு வந்துடறேன்."

"இருங்க, இருங்க. வெச்சுப் பார்ப்போம்."

முதலில் இரண்டாவது இறக்கையை அப்படியே திருப்பி வலப்பக்கம் வைத்தார்கள். எஞ்சின் வாலைப் பார்த்து நின்றது. "ஒண்ணு முன்னால இழுக்கும், இன்னொண்ணு பின்னால இழுக்கும். நம்ம வீடு மாதிரி" என்றார் கணவர். பல்லக்கா அதை எடுத்துக் குப்புறக் கவிழ்த்தார். இப்போது விசிறி முன்னால் வந்துவிட்டது. ஆனால் எஞ்சின் இறக்கைக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. இடப்பக்கம் எஞ்சின் கீழே தொங்குகிறது. வலப்பக்கம் எஞ்சின் மேலே நிற்கிறது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். கணவரின் தங்கை, கீழ் வீட்டில் இருக்கிறாள். உயரக் கட்டடங்கள் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறவள். தலைக்கவசத்தைக் கதவு ஆணியில் மாட்டிவிட்டு மேஜையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி இது, ஒரு கண்ணு நெத்தியிலயும் ஒரு கண்ணு கன்னத்துலயும் வெச்ச மாதிரி?"

"ஃபேக்டரி தப்பு" என்றார் கணவர்.

பல்லக்கா விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தப்புன்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சு போச்சு. ஒருத்தர் வேணும்னே இப்படிச் செஞ்சிருந்தார்னு வெச்சுக்கோங்க. எதுக்குச் செஞ்சிருப்பார்?"

அந்தக் கேள்வி வீட்டுக்குள் ஒரு விருந்தாளி மாதிரி வந்து தங்கிவிட்டது. துணி காயப்போடும்போதும் அதே பேச்சு, கணவர் சவரம் செய்யும்போதும் அதே பேச்சு. ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிறுத்த வசதியாக இருக்கும் என்றார் கணவர். அப்படியானால் இறக்கையையே சிறிதாக வைத்திருக்கலாமே என்றார் பல்லக்கா. எஞ்சின் மழையில் நனையாமல் இருக்க என்றாள் நாத்தனார். அப்படியானால் மேலே இருக்கிற எஞ்சின் மட்டும் என்ன பாவம் செய்தது?

விடை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரிடமிருந்தே வந்தது. அவள் ஓட்டும் கிரேனின் அறைக்குத் தரை கண்ணாடி. காலுக்கு நடுவே குனிந்து பார்த்துத்தான் பாரத்தை இறக்க வேண்டும். அன்றைக்கு யாரோ அந்தக் கண்ணாடிமேல் ஒரு கருவிப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் அடங்காமல் வந்து உட்கார்ந்தவள், "கீழே பார்க்கிறவளுக்குக் குறுக்கே எதுவுமே இருக்கக் கூடாது, அண்ணி. ஒரு டப்பா இருந்தாலும்..." என்று தொடங்கி, பாதியிலேயே நிறுத்தினாள். விமானத்தைப் பார்த்தாள். பல்லக்காவும் பார்த்தார்.

"வலது பக்கம் உட்கார்ந்து கீழே பார்க்கிறாங்க" என்றார் பல்லக்கா மெல்ல.

"ஆமா! அதான் அந்தப் பக்கத்து எஞ்சினைத் தூக்கி மேல வெச்சுட்டாங்க!"

"எதைப் பார்க்கிறாங்க?"

"காணாமப் போனவங்களை. கடல்லயோ, காட்டுலயோ. வலது பக்கமாவே சாஞ்சு சுத்திச் சுத்திப் பார்க்கிறாங்க."

கணவர் காகிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். "அப்ப பேரு 'வலம்'னு வெச்சுடு. வலம் வர்றதுதானே வேலை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று பெண்கள் இருவரும் எதிர்பார்க்கவில்லை.

தேடுகிற விமானம் என்று முடிவானபின் பெட்டியில் இருந்த துண்டுகள் போதவில்லை. மூவரும் பொம்மைக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அவர்களைப் பார்த்ததுமே, "பழைய சரக்கும்மா, மாத்தித் தர இன்னொரு பெட்டி கிடையாது" என்று கையை விரித்தார்.

"மாத்த வேண்டாம். இதே மாதிரி வீணாப் போனது வேற ஏதாவது இருக்கா?"

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பிறகு பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினார். டப்பா நசுங்கியவை, பாதி தொலைந்தவை, திருப்பி வந்தவை எல்லாம் அதில் கிடந்தன. பெட்டியோடு அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பிட இடமில்லை. ஹெலிகாப்டர் ஒன்றின் கண்ணாடி மூக்கு வந்து விமானத்தின் முகமானது. கீழே பார்க்க அதைவிட நல்ல ஜன்னல் ஏது? கப்பல் ஒன்றின் ராடார் முதுகில் ஏறியது. மணலிலும் இறங்க வேண்டுமே என்று பீரங்கி வண்டியின் பட்டைச் சக்கரங்களைக் கொடுத்தார்கள். எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம் ஒன்றின் நெட்டை வாலும் வந்து சேர்ந்தது. "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடறீங்க" என்று கணவர் முணுமுணுத்தார். ஆனாலும் முடிச்சு விழுகிற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடித்தவர் அவர்தான்.

பல்லக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார். எதை ஒட்டினாலும் எதற்கு என்று சொல்ல வேண்டும். 'பார்க்க அழகாக இருக்கிறது' என்றால் செல்லாது. கவிழ்ந்த இறக்கையின் மேல்பக்கம் தட்டையாகவும் அடிப்பக்கம் வளைவாகவும் இருந்தது. விமான இறக்கை நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? வளைவை உப்புத்தாளால் தேய்த்து இறக்கினார். மேலே பிளாஸ்டிக் பசையால் பற்று வைத்து, பல்லின் முதுகை உருட்டுவதுபோல உருட்டி எழுப்பினார். அந்த ஓர் இறக்கைக்கே வாரக்கணக்கில் ஆயிற்று.

ஆட்களும் வேண்டும். பந்தயக் காரிலிருந்து ஓட்டுநர் கிடைத்தார். டிராக்டர் பெட்டியிலிருந்து வந்த விவசாயி மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். இருக்கையைச் சுரண்டி அவரைத் தாழ்த்தி உட்கார வைத்தார்கள். ரயில் நிலையப் பெட்டியிலிருந்து ஒரு பெண். உட்கார்ந்த நிலை, மடியில் கைப்பை. பையும் கையும் ஒரே வார்ப்பு என்பதால் பிரிக்க முடியவில்லை.

"தேடப் போற இடத்துக்குக் கைப்பை எதுக்கு? சட்டம் சட்டம்தான்" என்று கணவர் மடக்கினார்.

பல்லக்கா யோசித்தார். "கிடைச்சவங்களுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டாமா?"

"சரி, ஏறட்டும்."

எல்லோரையும் வலப்பக்க ஜன்னல்களைப் பார்த்து உட்கார வைத்து, உடம்பின் இரண்டு பாதிகளையும் மூடி ஒட்டினார்கள். இணைப்பைத் தேய்த்துத் தேய்த்து, தடவினால் நகத்துக்குக்கூடத் தட்டாதபடி ஆக்கினார் பல்லக்கா. ஆரஞ்சு வண்ணம் பூசினார். அந்த வண்ணக் குப்பியின் மூடியை இறுக்கும்போதுதான் கவனித்தார்; வலது கையால் இறுக்கிக்கொண்டிருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போது சமாதானம் ஆயின என்று அவருக்கே தெரியவில்லை. மறு திங்கட்கிழமை லேபுக்குப் போனார்.

கடைக்காரரின் நண்பர்கள் ஒரு மண்டபத்தில் மாதிரிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். 'வலம்' விமானத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேஜைகள். எல்லாமே உண்மையில் பறந்த விமானங்களின் மாதிரிகள். ஒருவர் குனிந்து பார்த்து, நெற்றியைச் சுருக்கி, "இப்படி ஒரு விமானமே கிடையாதே" என்றார்.

"ஆமா, கிடையாது" என்றார் பல்லக்கா, மிகுந்த சந்தோஷத்தோடு. கேட்டவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்துவிட்டார்.

ஆனால் நிறையப் பேர் நின்றார்கள். ஏன் எஞ்சின் மேலே என்று கேட்டார்கள். நாத்தனார் கைகளை இறக்கையாக விரித்து, வலப்பக்கம் சாய்ந்து, மண்டபத்துக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். கூட்டத்தில் ஒரு பெண் விமானத்தைச் சுற்றி இரண்டு முறை வந்தார். கொஞ்சம் பருமனான உடம்பு, நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். விமான நிலையத்தில் சிறிய விமானங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

"நல்லா யோசிச்சிருக்கீங்க, அக்கா. இது பறக்குமா பறக்காதான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"இவங்கல்லாம் எந்த வழியா உள்ள போனாங்க?"

பல்லக்கா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். வயிற்றைத் தூக்கிப் பார்த்தார். கதவே இல்லை. உடம்பில் கதவுக்கென்று கீறியிருந்த வரியையும் இணைப்போடு சேர்த்துத் தேய்த்து வழவழப்பாக்கி வண்ணம் பூசியாகிவிட்டது.

நாத்தனார் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலையில எழுந்தா லிஃப்ட் கதவு, சாயங்காலம் வரைக்கும் லிஃப்ட் கதவு. எனக்குக்கூடத் தோணலயே!"

"எங்க பட்டறைக்கு வாங்க. நிஜக் கதவைப் பார்த்துட்டு வெட்டுங்க" என்றார் மெக்கானிக். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் மூவரும் போனார்கள். தகரக் கூரை போட்ட பெரிய கூடம். நடுவில் ஒரு சிறிய விமானம், மூக்கு திறந்து, குடல் தெரிய நின்றது. மூவரில் ஒருவரும் அதுவரை விமானத்தில் ஏறியவர்கள் இல்லை. கணவர் நேரே கதவிடம் போய்விட்டார். கீல், ரப்பர், தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, திறந்து மூடி, மறுபடி திறந்து, "பின்பக்கம், இடது கைப்பக்கம் வெட்டிடலாம். பார்க்கிறவங்களுக்கு இடைஞ்சல் இருக்காது" என்று தீர்ப்புச் சொன்னார்.

பல்லக்கா இறக்கைக்கு அடியில் நின்றார். உள்ளங்கையை மேலே வைத்தார். சில்லென்றிருந்தது. விரல் முட்டியால் தட்டினார். ஓரிடத்தில் காலியாகக் கேட்டது. கொஞ்சம் தள்ளித் தட்டினால் கெட்டியாகக் கேட்டது.

"இங்க என்ன இருக்கு?"

"எரிபொருள், அக்கா. இறக்கைக்குள்ளதான் டேங்க்."

பல்லக்கா கையை வெடுக்கென்று எடுத்தார். பிறகு மறுபடியும் வைத்தார். "இறக்கைக்குள்ளயா? அப்ப எங்க 'வலம்' எப்பப் பார்த்தாலும் ஒரே பக்கமா சாஞ்சு சுத்துதே, எண்ணெய் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிடாதா?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒழுங்காத் திரும்பினா ஓடாது. உள்ள ஒரு டம்ளர் தண்ணி வெச்சிருந்தாக்கூட சாயாது."

"சாஞ்சு நிக்கிற விமானத்துலயா? சாயாதா?"

"சாயாது."

"அதெப்படி?"

அதற்குள் நாத்தனார் மூலையில் இருந்த வாளியை எடுத்துக் குழாயடியில் பாதி நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். கயிற்றில் தொங்குகிற பாரம் சுற்றினால் என்ன ஆகும் என்பது அவளுக்குக் கை கண்ட வித்தை. "தள்ளிக்கோங்க அண்ணே, சட்டை நனைஞ்சா என்னைச் சொல்லக் கூடாது" என்று சொல்லி, வாளியைக் கைநீளத்துக்கு வீசித் தலைக்கு மேலாக ஒரு சுற்றுச் சுற்றினாள். கணவர் கதவுக்குப் பின்னால் ஒதுங்கினார். வாளி உச்சியில் தலைகீழாகப் போய்த் திரும்பிக் கீழே வந்தது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. "திரும்புற விமானத்துக்குள்ளயும் இதேதான்" என்றார் மெக்கானிக்.

பல்லக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சுத்து. இந்தத் தடவை மெதுவா."