எதிர்ப்பக்கம் வரை ஒரு நடனம்

சனிக்கிழமை மாலை நான்கேகாலுக்கு பெங்களூரு கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கினேன். நடனம் பார்க்க ஊர் விட்டு ஊர் வருவது என் ஐம்பத்திரண்டு வயதில் இதுதான் முதல் தடவை. அதுவும் ஆடப்போவது என் அக்கா ஸ்டெல்லா. காக்ஸ் டவுனில் கணக்கு டீச்சர். அவள் ஆடி நான் பார்த்ததில்லை. பிறரை ஆட்டிவைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து மணிக்கு ஆட்டோ அவள் வீட்டு வாசலில் விட்டது. மூன்று கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். வாசலை ஒட்டி மெயின் ரோடு. நடுவில் டிவைடர், எதிரே அவளுடைய சர்ச். போன வருஷம் இந்த சிக்னலில் கடக்கும்போது ஒரு பைக் இடித்து அவள் முழங்கை உடைந்தது. அன்றிலிருந்து சர்ச்சுக்கு ஆட்டோதான். முக்கால் கிலோமீட்டர் போய், யு டர்ன் அடித்து, முக்கால் கிலோமீட்டர் திரும்பி, அறுபது ரூபாய். கண்ணெதிரே தெரியும் இடத்துக்கு இவ்வளவு தூரம் போகும் யாத்ரீகர் வேறு யாரும் இருக்க முடியாது.

நடனம் அதே கிராசிங்கில். வண்டிகள் நிற்கும் நேரம்தான் ஆட்டம், நிற்கிறவர்கள்தான் சபை. தீபா என்ற இளம்பெண் ஏரியாக்காரர்கள் எட்டுப் பேரை வைத்து இதை அமைத்திருந்தாள்.

"நாம ரோடு கிராஸ் பண்றதே டான்ஸ்தான் அங்கிள். நான் ஸ்டெப்பை மட்டும் திருடிக்கிட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டிதான் கடைசி. தனியா. ஸ்கூல் கிரவுண்ட்ல சூப்பரா பண்ணாங்க. இங்க வந்தா டிவைடரோட திரும்பிடறாங்க."

அது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. "இன்னைக்குப் பாரு" என்றாள் அவளிடம். என்னிடம், "டேய், விசிலு கிசிலு அடிச்சு மானத்தை வாங்காத."

ஐந்தரை. சிவப்பு விழுந்தது. ஏழு பேர் இறங்கினார்கள். ஓரடி முன்னே, இரண்டடி பின்னே, ஒரு துள்ளல், இல்லாத பஸ்ஸுக்கு ஒதுங்கல். அடடா, தினமும் நான் செய்வது! இத்தனை வருஷமாகப் பயந்து நடுங்குவதாக அல்லவா நினைத்திருந்தேன்? அடுத்த சிவப்பில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்து நுழைந்தார்கள். நானும் என்னை அறியாமல் எக்கினேன். பலன் பெரிதாக இல்லை.

மூன்றாவது சிவப்பு அக்காவுக்கு. அதற்குள் பைக்குகள் நகர்ந்து நகர்ந்து வெள்ளைக் கோடுகளை மூடிவிட்டன. அக்கா ஓரத்தில் நின்றாள். அவள் உள்ளங்கையை உயர்த்தி, முன்னால் நின்ற சாப்பாட்டு டெலிவரிக்காரனிடம் வகுப்பறைக் குரலில், "பின்னாடி போ!" என்றாள்.

அவன் போனான். இரண்டு காலாலும் உந்தி, உந்தி. அவனுக்குப் பின்னால் இருந்தவனும், அவனுக்குப் பின்னால் இருந்தவனும். இருபது பைக்குகள் கால்களால் பின்னோக்கி நடந்தன. ஒத்திகையே இல்லாமல் அப்படி ஒரு தாளம்!

அக்கா நடந்தாள். டிவைடர் இடைவெளியில் நின்றாள். கைப்பையைத் தரையில் வைத்து, புடவைக் கொசுவத்தை நிதானமாகச் சரிசெய்தாள். பையை எடுத்தாள். திரும்பிவிடுவாளோ? காலை முன்னால் வைத்தாள். பச்சை விழுந்துவிட்டது. ஒரு கார் ஹாரன் அடித்தது, பக்கத்து ஆட்டோக்காரர், "ஏய், சும்னிரோ! மேடம் டான்ஸ் மாட்தாவ்ரே!" என்று கன்னடத்தில் அதட்டி, மேடம் ஆடி முடிக்கும்வரை சும்மா இருக்கச் சொன்னார். ஒரு வண்டியும் அசையவில்லை. அக்கா எதிர்ப்பக்கம் ஏறினாள்.

நான் விசிலடித்தேன்.

"வாடா! காப்பி ஆறுது!" சர்ச் வாசலிலிருந்து அக்கா கையசைத்தாள். ஆட்டம் முடிந்து, ரோடு பழையபடி ரோடாகியிருந்தது. என் ஊரான வேலூரில் நான், யாராவது கடந்தால் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு கடப்பவன். இங்கே அகலமான முதுகு ஒன்றும் வரவில்லை. ஆட்டோ வந்தது.

"எங்க சார்?"

காட்டினேன்.

"இன்னா சார், எதிர்லதான கீது?"

"யு டர்ன் அடிப்பா. அறுபது ரூபாய்தானே?"

திரும்பி வந்தபோது அதே சிக்னலில் சிவப்பு. டிரைவர் வெள்ளைக் கோட்டின் மேலேயே நிறுத்தினார். என்னைக் கூட்டிப்போகக் காப்பி டம்ளரோடு கடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி நின்று, மற்றக் கையை உயர்த்தினாள்.

"பின்னாடி போ!"

நான் ஷூ கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். காலில் இருந்தது ஹவாய்ச் செருப்பு.