கம்ப்யூட்டரிலும் பாஜே

எங்கள் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது கல்கத்தா பெஹாலாவில் எங்கள் தெருவில் யாருக்கும் அது என்னவென்றே தெரியாது. துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவர், கிடர்பூரில் கப்பல் சாமான் விற்கும் கடையிலிருந்து அதைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். பார்ப்பதற்கு வெறும் கீபோர்டு. டிவியோடு இணைத்தால் திரையில் எழுத்து வரும், கரண்ட் போனால் எழுதியதெல்லாம் போய்விடும். அந்த நாளைய லோட்ஷெடிங்கில் இப்படி ஒரு பொருளை வாங்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

அவர் அதில் விளையாட ஆசைப்பட்டார். அது பாடும் என்று கண்டுபிடித்தவள் நான்.

அலிப்பூரில் அரசாங்க ஆபீஸில் எனக்கு உத்தியோகம். சின்ன வயதில் வீணை கற்றுக்கொண்டதோடு சரி, மாற்றலாகிக் கல்கத்தா வந்தபோது வீணை சென்னையிலேயே தங்கிவிட்டது. இந்தப் பெட்டியோ ஒரே சமயத்தில் மூன்று ஸ்வரங்களை வாசித்தது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு எண், அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு எண். ஆபீஸ் விட்டு வந்ததும் புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்து தட்டுவேன். நான் எழுதியதை அப்படியே, முகம் சுளிக்காமல், எத்தனை தடவை கேட்டாலும் வாசிக்கும் வாத்தியக்காரர் வேறு யார் கிடைப்பார்? அதன் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

தட்டியதையெல்லாம் காசெட்டில் சேமிக்க வேண்டும். ஒரு நாள் என் கணவர் பாட்டு கேட்கிற ஆசையில் அந்தக் காசெட்டை டேப்ரிகார்டரில் போட்டார். கீச்சென்று ஓர் அலறல்.

"ஏண்டி, இதுக்கா ரெண்டு மாசமா ராத்திரி சாப்பாட்டை லேட் பண்றே?"

அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியது கீழ்வீட்டு பௌதியின் அபிப்பிராயம்.

பௌதி எங்கள் வீட்டுச் சொந்தக்காரரின் மனைவி. பௌதி என்றால் அண்ணி, என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஹார்மோனியம் வைத்துக்கொண்டு தெருப் பெண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டே, கூடத்தில் பாடுகிறவளின் நிஷாதம் அரை இழை இறங்கினாலும் அங்கிருந்தே சத்தம் போடுவார். அப்பேர்ப்பட்ட காது. நான் செய்வது சங்கீதமா, வெறும் பீப்பீயா என்று அந்தக் காதுதான் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் தீர்மானித்துவிட்டேன்.

மோகனத்தில் சொந்தமாக ஒரு மெட்டு அமைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலைத் திறந்து, டிவியின் சத்தத்தைக் கூட்டி ஓடவிட்டேன். கீழே ஹார்மோனியம் நின்றது. அப்புறம் பௌதியின் குரல், கணீரென்று: "…பாஜே!"

என் வங்காளம் காய்கறிக் கடையில் கற்ற வங்காளம். சொத்தைக் கத்தரிக்காய் பாஜே, அழுகின தக்காளி பாஜே. பாஜே என்றால் மட்டம், மோசம். முகத்தில் அடித்தாற்போல இருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். பெட்டியை அதன் துணிப்பையிலேயே போட்டு அலமாரி மேல் ஏற்றினேன். மாடிப்படியில் பௌதியைப் பார்த்தால் மணியைப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி.

லக்ஷ்மி பூஜையன்று பௌதி தேங்காய் உருண்டைத் தட்டோடு மேலே வந்தார். நாங்கள் பேசுவது பாதி ஹிந்தி, பாதி வங்காளம்.

"உன் பெட்டிக்கு என்ன ஆச்சு? ஏன் பாட்டையே காணோம்?"

"நீங்கதானே பாஜேன்னு சொன்னீங்க!" வெடித்துவிட்டேன்.

"நானா? எப்போ?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பு தாங்காமல் தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் கணவரைக் கூப்பிட்டுச் சொன்னது, "கம்ப்யூட்டாரேயோ பாஜே!" வங்காளத்தில் வாத்தியம் ஒலிப்பதற்கும் பாஜேதான். 'கம்ப்யூட்டரில்கூட ஒலிக்கிறது, பார்!' என்று அதிசயப்பட்டிருக்கிறார். வால் மட்டும் என் காதில் விழுந்திருக்கிறது.

அன்றே பெட்டி கீழே இறங்கியது. பௌதி டிவி முன்னால் கண்ணை மூடிக் கேட்டார். அவர் சொன்ன முதல் வார்த்தை, "நல்லாயிருக்கு. ஆனா இது மூச்சே விடலையே."

ஹார்மோனியக்காரரின் பேச்சு அது. வலது கை ஸ்வரம் வாசிக்கும், இடது கை துருத்தியை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுக்கும். எனக்குச் சட்டென்று உறைத்தது. மெட்டு மேல் ஸட்ஜத்துக்கு ஏறும் முன் ஓர் இடைவெளி வைத்தேன். போதாது என்றார். நீட்டினேன். இன்னும் என்றார்.

"இதுக்கு மேல நீட்டினா கரண்ட் போயிடுச்சுன்னு நினைப்பாங்க, பௌதி."

"நினைக்கட்டும். காத்திருக்கட்டும்."

அவர் சொன்னது சரி. அந்த மௌனத்துக்குப் பிறகு ஸட்ஜம் வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த வருஷம், டிவியில் வந்த சத்தத்தை டேப்ரிகார்டரில் பதிந்து, தெருப் பூஜைப் பந்தலில் அந்த மெட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். இடைவெளி வந்ததும் மைக்செட்காரர் பதறிப்போய் வயரை ஆட்ட ஓடினார். நாங்கள் இருவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இன்றைக்கு என் லேப்டாப்பில் ஓர் இசைக்குழுவே இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதுதான் பொழுதுபோக்கு. எந்த மெட்டானாலும் பௌதி கேட்ட மூச்சு அதில் எங்காவது இருக்கும்.

போன மாதம் பௌதிக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. என்னைச் சித்தி முறை வைத்து மாஷி என்று கூப்பிடும் அவர் மகன் போனில் அழாத குறையாகச் சொன்னான்: "ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம், மாஷி. சாப்பாடு குடுத்தா பாஜே. மருந்து குடுத்தா பாஜே. உங்களைத் தெரியுமோ என்னவோ."

என்னைத் தெரியாவிட்டால் போகட்டும். அந்தக் காது போயிருக்குமோ என்றுதான் எனக்குப் பயம். என் மகள் அந்தப் பழைய மெட்டைப் பந்தலில் போட்ட காசெட்டிலிருந்து போனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு போனேன்.

பௌதி என்னைப் பார்த்தார். பார்வையில் ஒன்றும் இல்லை. போனைத் தலையணை ஓரம் வைத்து ஓடவிட்டேன். கம்மலான அந்தப் பீப்பீ சத்தம் அறையில் ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் போர்வை மேல் கிடந்த இடது கை அசைந்தது. உள்ளங்கை மெதுவாகத் தள்ளியது, திரும்பியது, மறுபடி தள்ளியது. துருத்தி போடுகிறார்! மெட்டு இடைவெளிக்கு வந்தது. கை நின்றது. போனும் மௌனம், அவரும் மௌனம். ஸட்ஜம் எழுந்த அதே கணத்தில் கை மறுபடி தள்ளியது.

"பாஜே," என்றார் பௌதி.

மகன் சங்கடப்பட்டான். "தப்பா நினைக்காதீங்க மாஷி, எல்லாத்தையும் மோசம்னுதான் சொல்றாங்க."

"மோசம்னு சொல்லலைப்பா," என்றேன், அவனுக்கு அவன் பாஷையை விளக்கிக்கொண்டு. "ஒலிக்குதுன்னு சொல்றாங்க."