முதல் பந்திக்காரன்

பாளையங்கோட்டை ஹெப்ரானுக்குக் காத்திருப்பது என்றால் கசாயம் குடிப்பது மாதிரி. சபையில் அசனச் சாப்பாடு நடந்தால், கடைசி ஜெபத்துக்கு ஆமென் சொல்லும் முன்பே முதல் பந்திக்கு ஓடியவன். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். அவன் முதல் பாதியோடு பாடத்தை முடித்துக்கொண்டான். வளர்ந்ததும், கடற்கரையில் கூவி நடத்தும் மீன் ஏலத்தைச் செல்போனுக்குக் கொண்டுவரும் செயலி ஒன்றை ஆரம்பித்தான். நிறுவனர் என்று அட்டை அடித்த பிறகு பழைய அவசரத்துக்கு 'வேகம்' என்று புதுப் பேர் வந்துவிட்டது. கல்லூரிகளில் கூப்பிட்டு மாலை போட்டார்கள். மண்ணாங்கட்டி வேகம்.

அந்த வேகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அவனிடம் வேலை செய்த பிரிஸில்லா. ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊருக்கு மாதக்கணக்கில் பஸ் ஏறிப் போய், அங்கே மீன் ஏலம் விடும் இஞ்ஞாசியம்மாளைச் சம்மதிக்க வைத்தது அவள்தான். "எங்க சார் உங்களை மதிச்சு நடப்பாரு" என்று வாக்குக் கொடுத்து, அந்த அம்மாளின் போனில் தன் கையாலேயே செயலியை ஏற்றினாள். அந்த வாக்கை நம்பித்தான் படகுக்காரர்களும் சேர்ந்தார்கள்.

இந்த நேரத்தில், ஹெப்ரானோடு படித்த எலியேசர் திங்கட்கிழமை தூத்துக்குடியில் இதே மாதிரிச் செயலி தொடங்குகிறான் என்று சேதி வந்தது. போதாதா?

"நாம ஞாயித்துக்கிழமையே இஞ்ஞாசியம்மா ஊர்ல தொடங்குதோம். முதலீடு போடுத சென்னைக்காரரும் வாராரு."

"சார், ஞாயித்துக்கிழமை அங்கன..."

"காரணம் சொல்லுதவங்க எல்லாம் தோத்தவங்க, பிரிஸில்லா."

மறுபடி ஆரம்பித்தாள். அவன் எழுந்தே போய்விட்டான். ஒருவர் பேச்சை முழுதாகக் கேட்டால் அவனுக்கு மானம் போய்விடும்.

ஞாயிறு காலை படகெல்லாம் மணலில் கிடந்தன. மீனும் இல்லை, மனிதரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத கத்தோலிக்க ஊர் அது; எல்லோரும் கோயிலில் பூசையில் இருந்தார்கள். பிரிஸில்லாவையும் சென்னைக்காரரையும் ஏற்றி வந்த காரை ஹெப்ரான் நேரே கோயில் வாசலுக்கு விட்டு ஹாரனை அழுத்தினான். பூசைக்கு நடுவே. சபை வளர்த்த பிள்ளை செய்கிற காரியமா இது?

இஞ்ஞாசியம்மாள் வெளியே வந்தாள். "பூசை முடியட்டும், தம்பி."

"அதுவரைக்கும் நிக்க முடியாதும்மா. நாலு பேரை அனுப்புங்க. படகு பக்கத்துல நின்னா போதும், படம் எடுக்கணும்."

சென்னைக்காரர் ஹெப்ரானின் முதுகில் தட்டினார். "இந்தப் பசிதான் சார் வேணும்." இனம் இனத்தோடு சேர்ந்தது. ஆளில்லாத படகுகளுக்கு முன்னால் இருவரும் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். எலியேசரை முந்தியாயிற்று.

கோயில் வாசலிலேயே நின்றுவிட்ட பிரிஸில்லாவிடம் இஞ்ஞாசியம்மாள் தன் போனை நீட்டினாள். "ஏட்டி, நீ போட்டதை நீயே எடுத்துரு."

கூசிப்போய், தலை குனிந்தபடி பிரிஸில்லா செயலியை நீக்கிக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது கார் போய்விட்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய போன் அடித்தது. "எங்க நிக்கீங்க? அடுத்த ஊருக்குப் போகணும், அங்கன..."

"நான் வரல சார். நாளைக்கும் வரமாட்டேன்."

அவன் மீதியைச் சொல்வதற்குள் அழைப்பைத் துண்டித்தாள். அவனிடம் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.