சங்கிலியின் மறுமுனை

இது நடந்தது. எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில், ஞாயிற்றுக்கிழமை மதியம். பேய் என்றால் அமாவாசையும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் மன்னிக்கவும். எனக்குக் கிடைத்தது மண்டையைப் பிளக்கும் வெயிலும் என் மச்சான் கனகரத்தினமும்தான். சாமியாடிகளையும் போமோ என்கிற மலாய் மந்திரவாதிகளையும் கிண்டல் செய்தே இருபது வருடமாகப் பத்திரிகையில் எழுதுகிறவன் நான். இதைச் சொல்வதால் என் பெயர்தான் கெடும். ஆனாலும் நடந்தது.

என் மனைவி புஷ்பராணிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி விடியற்காலையில் தைப்பிங்கில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் மூச்சு நிற்காது என்று யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். நாங்கள் இருப்பது மலேசியாவில், செலாமா என்ற சிற்றூருக்கும் உள்ளே. அந்த நேரத்தில் வாடகைக் கார் வராது. இருப்பது முப்பது வருடப் பழைய ஜெர்மன் கார் ஒன்று. வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது அதன் எஞ்சினுக்குள் ஆணிகளைக் குலுக்குவதுபோல் சத்தம். டைமிங் செயின் தளர்ந்துவிட்டது. வழியில் அறுந்தால் எஞ்சின் அங்கேயே முடிந்தது. திங்கள் விடிவதற்குள் மாற்றியாக வேண்டும்.

மச்சான் ஒரு பழைய கார் கிளப்பின் உதவித் தலைவர். கிளப்பில் மொத்தம் ஆறு பேர், அதில் ஐந்து பேருக்குப் பதவி. மூன்று வீடியோ பார்த்துவிட்டு, ஆப்பரேஷன் செய்யப் போகிறவர் மாதிரி கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இது சாதாரண வேல இல்ல மாமா. துல்லியம் வேணும்."

"வலக்கைக் கையுறைய இடக்கையில மாட்டியிருக்கியே மச்சான். அதுவும் துல்லியமா?"

வேலை இதுதான். பழைய செயினில் ஒரு கண்ணியை வெட்டி, புதுச் செயினின் முனையை அதில் கோக்க வேண்டும். பிறகு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால் ஒரு பக்கம் புதுசு உள்ளே போகும், மறுபக்கம் பழசு வெளியே வரும். இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் செயின் சக்கரத்தின் பல்லைத் தாண்டிவிடும். கீழே சுற்ற ஒருவர், மேலே பிடிக்க இருவர். மூன்று பேர் வேலை.

பக்கத்து வீட்டில் கேட்கிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். கிளப்பில் கேட்கிறேன் என்று மச்சான் சொல்லியிருந்தார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. நான் ஸ்பானரோடு காருக்கடியில் நுழைந்தபோது, "வாங்க, வாங்க, அந்தப் பக்கம் புடிங்க" என்று மச்சான் யாரிடமோ சொல்வது கேட்டது. சரி, கிளப் ஆள் வந்துவிட்டார்.

கீழேயிருந்து எனக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு ஜோடி மச்சானுடையது. இன்னொரு ஜோடி வெறுங்கால். அந்த வெயிலில் கொதிக்கிற சிமெண்டில் எப்படி நிற்கிறார் என்று நினைத்தேன். அசையவே இல்லை.

நான் சுற்றினேன். டிக்... டிக்... டிக்...

"பெலான்... பெலான்..." என்றது ஒரு குரல். மெதுவாகச் சுற்று என்று இங்கே எல்லா மெக்கானிக்கும் சொல்வதுதான். களைத்த குரல். மூச்சு வாங்கியது.

அப்போதுதான் அந்தக் கால்களைச் சரியாகப் பார்த்தேன்.

வீங்கியிருந்தன. கணுக்கால் எலும்பே தெரியவில்லை. தோல் பளபளவென்று இழுத்து நின்றது. அந்த வீக்கம் எனக்குத் தெரிந்த வீக்கம். என் வீட்டில் தினம் பார்க்கிறது.

சுற்றிக்கொண்டே இருந்தேன்.

டிக்... டிக்...

"ஹலோ பிரசிடெண்ட்..." மச்சானின் குரல். தூரத்தில். கேட் பக்கம்.

தலையைத் திருப்பினேன். மச்சானின் கால்கள் இல்லை.

வெறுங்கால்கள் மட்டும்.

செயின் போய்க்கொண்டிருந்தது. தளரவில்லை. இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தபடி...

"பெலான்..."

பயம் வரவில்லை. அதைத்தான் யாரும் நம்புவதில்லை. கை தோள்வரை மரத்துப்போனது. மரத்த கையால் சுற்றினேன்.

"நிறுத்து."

நிறுத்தினேன்.

வெளியே வந்தபோது முனைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, கோக்கத் தயாராக. சக்கரத்தில் சரிபார்க்கும் குறிகள் மயிரிழை பிசகவில்லை. ஆள் இல்லை. அவர் நின்ற இடத்தில் சிமெண்ட் ஈரமாக இருந்தது. அந்த வெயிலிலும் காயவில்லை.

மச்சான் திரும்பி வந்து முனைகளைக் கோத்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். மாலையில் போன் செய்தார்.

"நான் போன்ல இருந்தப்ப நீங்க ஏன் மாமா சுத்துனீங்க?"

"உன் கிளப் ஆளு சுத்தச் சொன்னாரு."



"மாமா... அவரு உங்க பக்கத்து வீட்டு ஆளுன்னுல்ல நெனச்சேன்."

நான் போனை வைத்தேன். போர்ச்சைப் பார்த்த ஜன்னலோரம் படுத்திருந்த புஷ்பராணி கேட்டாள்.

"ஓங் ஏன் ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம போயிட்டாரு?"

"எந்த ஓங்?"

"டயாலிசிஸ்ல எனக்குப் பக்கத்து நாற்காலிச் சீனரு. நீங்கதான் உள்ள வர்றதே இல்லையே. புதனும் வரல, வெள்ளியும் வரல. இங்க வந்து நம்ம காரப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. நாளைக்கு வரட்டும், திட்டுறேன்."

திங்கட்கிழமை. எஞ்சினில் சத்தமே இல்லை. தையல் மெஷின் மாதிரி ஓடியது. சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். புஷ்பராணியை உட்கார வைத்ததும் நர்ஸ் நோர்ஹயாத்தி என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அங்கிள், ஆண்டிகிட்ட மெல்லச் சொல்லுங்க. ஓங் சனிக்கிழம ராத்திரி போயிட்டாரு. ரெண்டு தடவ வரல, அதான்."

"ஏன் வரல?"

"கார் நின்னுபோச்சாம். அவரே பிரிச்சுப் போட்டு வேல பாத்திருக்காரு. ஏதோ எஞ்சின் செயினாம்."

நான் திரும்பி, வெளியே நின்ற எங்கள் காரைப் பார்த்தேன்.

"மகன் வந்து அழுதாரு அங்கிள். அப்பா போன் மேல போன் போட்டாராம். ஒரு முனையப் புடிச்சிக்க ஆளில்லடா, வாடான்னு."