பெண் கொடுத்த கோயில்

மீன் விற்க வந்தவள் அன்றைக்குக் கூடையை இறக்கக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்: "உங்க அண்ணன் கட்டுமரம் இன்னும் கரைக்கு வரலியாமே?" என் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயய்யோ, உனக்குத் தெரியாதா? ஒண்ணுமில்ல பாப்பா, இந்நேரம் வந்துருக்கும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று தெருமுனை திரும்பிவிட்டாள். எங்கள் குப்பத்திலிருந்து ரயிலேறி வருகிறவள் அவள். அவள் வாயில் பொய் வராது.

அறுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் சிதம்பரத்தில் பள்ளி ஆசிரியர், மேல வீதிக்குப் பின்னால் வாடகை வீடு. நான் வாயும் வயிறுமாக இருந்தேன். பிறந்த வீடு கடலூரை ஒட்டிய கடலோரக் குப்பம். அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவுக்கு அண்ணன், அண்ணனுக்குக் கட்டுமரம், அவ்வளவுதான் எங்கள் வீடு. புயல் மழை விட்டதும் முதல் ஆளாகக் கடலில் இறங்குகிறவன் அவன். என்னைப்போலவே அவனுக்கும் கால் ஒரு இடத்தில் தரிக்காது.

என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள். தலையில் கூடை, முகம் நிறையச் சிரிப்பு. கருவாடு, முருங்கைக்காய், எனக்குப் பிடித்த கொழுக்கட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"அண்ணன் எப்படிம்மா இருக்கு?"

"அவனுக்கு என்னா? நல்லாருக்கான். எல்லாரும் நல்லாருக்கோம். ஒன்னப் பாக்கணும்போல இருந்துச்சி, வந்தேன். கெளம்பு, கோயிலுக்குப் போயிட்டு வந்துடலாம்."

எனக்குத் தெரியும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கேட்டுவிட்டால் உண்மையாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், இவளாகச் சொல்லட்டுமே என்ற கோபம் ஒரு பக்கம்.

அம்மா ஏன் கோயிலுக்கு அவசரப்பட்டாள் என்பது எங்கள் ஆட்களுக்குத்தான் புரியும். அம்மன் ஒரு பிறவியில் கடலோரத் தலைவன் வீட்டில் வளர்ந்தாளாம். யார் வலையிலும் சிக்காத சுறா ஒன்று கடலைக் கலக்கிக்கொண்டிருக்க, சிவன் வலைக்காரனாக வந்து அதைப் பிடித்து, அவளைக் கட்டிக்கொண்டு போனாராம். அதனால் சிவன் எங்களுக்கு மாப்பிள்ளை. மாசி மகத்துக்குத் திருப்பாதிரிப்புலியூர் சாமி கடலுக்கு வந்தால் குப்பமே எதிரே போய் மாப்பிள்ளையை அழைத்து வரும். சிதம்பரம் வந்தாலும் பெண் கொடுத்த வீட்டுக்குப் போகிற மாதிரிதான் போவோம். மஞ்சள், பூ, தேங்காய், அம்மனுக்கு ஒரு துணி. போய்ப் பார்ப்போம், கொடுப்போம், திரும்புவோம். எதுவும் கேட்க மாட்டோம். பெண் கொடுத்த வீட்டில் கையேந்துவது எவ்வளவு கேவலம்! ஊர் உலகமெல்லாம் அவரிடம் பிள்ளை கேட்கும், வேலை கேட்கும். நாங்கள் மட்டும் நல்லா இருக்கீங்களா என்று பார்த்துவிட்டு வருவோம்.

கோபுர வாசலுக்குள் நுழைந்தோம். இரண்டு பக்கச் சுவரிலும் கல் பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காலை மடக்கி, ஒருத்தி இடுப்பை ஒடித்து, ஒருத்தி தலைக்குமேல் கையை வீசி. மற்ற நாளாக இருந்தால் நின்று பார்ப்பேன். அன்றைக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை நூறு வருஷமாக ஆடியும் இவர்களுக்கு அலுக்கவில்லையே! குளத்தங்கரையில் அம்மா கால் நனைத்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்க்க முடியாமல் நான் முன்னால் நடந்தேன்.

உள்ளே, சிவன் ஆடும் கனகசபைக்கு எதிரே நிருத்த சபை இருக்கிறது. சக்கரமும் குதிரையுமாகத் தேர் போலக் கட்டிய மண்டபம். காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடிய இடம் என்பார்கள். சிவன் தன் காதிலிருந்து விழுந்த குண்டலத்தைக் கால் விரலால் எடுத்து, காலை உச்சிக்குத் தூக்கிக் காதில் மாட்டினாராம். பெண் அப்படித் தூக்க முடியுமா? கூசி நின்றாள், தோற்றாள், ஊர் எல்லைக்குப் போய்விட்டாள். அம்மா அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் முணுமுணுப்பாள். அன்றைக்கும் விடவில்லை.

"அவ தூக்க மாட்டான்னு தெரிஞ்சிதானே தூக்குனாரு! குசும்பு ஜாஸ்தி நம்ம மாப்ளைக்கு."

மகனைக் கடலில் தொலைத்துவிட்டு இவளால் எப்படி இப்படிப் பேச முடிகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கனகசபைக்கு எதிரே நின்றோம். பொன் கூரை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு எத்தனையோ, அத்தனை ஓடு அந்தக் கூரையில் என்று சொல்வார்கள். அண்ணாந்து பார்த்த எனக்கு மூச்சு முட்டியது. அண்ணன் இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறானா? அங்கே நின்று திரும்பினால் பக்கத்துச் சன்னதியில் பெருமாள் படுத்திருப்பது தெரியும். அம்மனுக்கு அண்ணன் அவர். "மாப்ள ஆடுறாரு, மச்சான் தூங்குறாரு, யாரு வேலை செய்யறது?" என்று எங்கள் அண்ணன் சத்தமாகவே கேலி பேசுவான். நானும் மச்சான்தான் என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வான். கடல்மேல் நிம்மதியாகப் படுத்திருந்த பெருமாளை அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

தீட்சிதர் ரகசியத் திரையை விலக்கிக் காட்டினார். உள்ளே சாமி இல்லை. வெறும் இடம், அதில் தொங்கும் பொன் வில்வ மாலை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மா கும்பிட்டாள், பெண்ணைப் பெற்றவளின் மிடுக்கோடு. உதடு அசையவில்லை. கேளேன் அம்மா, ஒரு வார்த்தை கேளேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் திரும்பி நடந்தாள்.

குளத்துக்கு அந்தப்புறம் சிவகாமி அம்மன் கோயில். படியிறங்கிப் போக வேண்டும். முன்மண்டபத்தின் கூரை முழுக்கப் பழைய ஓவியங்கள். இங்கே அம்மா ஆளே மாறிவிடுவாள். துணியையும் பூவையும் தீட்சிதர் கையில் கொடுத்துவிட்டு, அம்மனிடம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில் பேசுவாள். பெண்ணிடம் பேச என்ன வெட்கம்? இங்கேயாவது சொல்லிவிடுவாள் என்று ஒட்டி நின்றேன்.

"நல்லாருக்கியா தாயி? நாங்க எல்லாரும் நல்லாருக்கோம். மழைதான் கொஞ்சம் ஜாஸ்தி. ஒங்கண்ணன் நல்லாருக்கான். ஒண்ணும் கவலப்படாத."

என்னால் தாங்க முடியவில்லை. "ஏம்மா பொய் சொல்ற? அண்ணன் வரல. எனக்குத் தெரியும். காலையிலியே தெரியும்!" கத்திவிட்டேன். பிரகாரத்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது. அதன் அடியில் இருந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். தூங்காத கண், வெடித்த உதடு.

"பொகுந்த வூட்டுல இருக்குற பொண்ணுகிட்ட வேற என்னாத்தடி சொல்றது? அவ அங்கியே கெடந்து வேகணுமா?"

அம்மனைச் சொன்னாளா, என்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. இருவரையும்தான். என் வயிற்றில் ஒரு தரம் கையை வைத்தாள். பிறகு விடுவிடுவென்று படியேறினாள். வந்த வழியே, சபையை நோக்கி. நான் பின்னால் ஓடினேன்.

உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தும் நேரம். கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். யாரோ திட்டினார்கள். அவள் காதில் விழவில்லை. கும்பிடவில்லை. இரண்டு கையையும் சேர்த்து, விரித்து, நீட்டினாள்.

"மாப்ள, எம்புள்ளையக் குடுத்துடுங்க."

அவ்வளவுதான். தீட்சிதர் அந்தக் கையைப் பார்த்துவிட்டுத் திருநீறு போட்டார். அம்மா அதை நெற்றியில் இட்டுக்கொள்ளாமல், கையை மடக்காமல் அப்படியே நின்றாள். கதவு சாத்திய பிறகும் நின்றாள். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அண்ணன் வந்தான். மரம் தரங்கம்பாடிப் பக்கம் ஒதுங்கி, அந்த ஊர்க்காரர்கள் கஞ்சி கொடுத்துத் தேற்றி, யாருடைய சட்டையையோ மாட்டி பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். குப்பமே கொண்டாடியது. அம்மாவும் சிரித்தாள், அழுதாள், அவன் முதுகில் நாலு அடி அடித்தாள்.

ஆனால் அதன்பிறகு அவள் சிதம்பரம் கோயிலுக்குள் காலடி வைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வருவாள், பேரப்பிள்ளையைக் கொஞ்சுவாள், அம்மனுக்குத் துணியும் பூவும் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து அனுப்புவாள். மேல வீதியோடு திரும்பிவிடுவாள்.

"கேட்டதக் குடுத்தாரே, அந்த மாப்ள மேல இன்னும் என்னம்மா கோவம்?" என்று அண்ணன் ஒருநாள் சீண்டினான்.

அம்மா சிரிக்கவில்லை. "குடுக்கலன்னா சண்ட போடவாவது போயிருப்பேன்" என்றாள். "குடுத்துட்டாரேடா."